ஆனைமலைக்குப் போன ஸ்பெயின் பிஸ்டல்

17 அக்டோபர் 1935, வியாழன்

ஸ்பெயின் சரக்கு வந்துவிட்டது. வைக்கோலுக்குள் ஆறு பிஸ்டல்கள், எண்ணெய்க் காகிதம் சுற்றி, பிறந்த குழந்தைகள் மாதிரி. முதலாளி சென்னகேசவ நாயுடு ஒன்றைக்கூடத் தொடவில்லை. "பாலுசாமி, நீ பார்த்துச் சொல்லு. அப்பறந்தான் நான் வாய் தொறப்பேன்" என்றார். கடையில் என் உத்தியோகமே அதுதான். வருகிற துப்பாக்கியை நம்பலாமா, கூடாதா என்று சொல்வது.

பெல்ஜியம் பிஸ்டலின் விலையில் பாதிகூட இல்லை. வெளியே மெருகு கண்ணைப் பறிக்கிறது. உள்ளே விரலை விட்டால் அரம் போட்ட கீறல் தட்டுகிறது. கண்ணை மூடிக்கொண்டு மேல்பாகத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஸ்பெயினில் ஏதோ ஒரு மலையூர் தெரிந்தது. மழை பெய்துகொண்டிருக்கிறது, உலைக்கு எதிரே ஒருவன் வீட்டு நினைப்பிலேயே அரம் போடுகிறான். அவன் பெயர் என்னவாக இருக்கும்?

முதலாளி தட்டி எழுப்பினார். கடையில் நின்றபடியே தூங்குகிற ஆள் நான் ஒருவன்தானாம்.

20 அக்டோபர், ஞாயிறு

தங்கை ராசாத்தாளும் மாப்பிள்ளை அங்கப்பனும் ஆனைமலையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாதியாகிவிட்டார். எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை வேலை. மாதம் ஒரு சனிக்கிழமை கூலிப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக மலையேற வேண்டும். அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரைக் மலைப்பாதை வளைகிற கொண்டைமுடக்கில் வெட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பை ஊட்டுல இருக்கற ராத்திரி இவுரு கண்ணே மூடறதில்லீங்ணா. எலி ஓடுனாலும் எந்திரிச்சு உக்காந்துக்கறாரு" என்றாள் ராசாத்தாள்.

மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது. பெல்ஜியம் வாங்க வசதியில்லை. கடையில் ஸ்பெயின் பிஸ்டல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை கேட்டார், "இத நம்பி நடக்கலாமுங்களா மச்சான்?"

"சோதிச்சுச் சொல்றேனுங்க மாப்ள."

வேறு யாராவது கேட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். ஆறில் எது என் தங்கையின் தாலியைக் காக்கும்? இதைப் போய் எந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பது?

28 அக்டோபர், திங்கள்

தீபாவளி முடிந்தும் பட்டாசு முடியவில்லை. ஊரே மலிவுச் சரக்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. பாதி வெடிக்கிறது, பாதி புஸ்.

3 நவம்பர், ஞாயிறு

பீளமேட்டைத் தாண்டிப் பாழடைந்த பாறைக்குழி. ஆறையும் எடுத்துப் போனேன்.

முதலாவது, காலித் தோட்டாவை வெளியே தள்ளாமல் வாயில் கவ்விக்கொண்டு நின்றது. இரண்டாவதில் தோட்டாக்கூட்டின் ஸ்பிரிங் சோம்பேறி. கடைசித் தோட்டா மேலே வரவே இல்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவது பூட்டு போட்டிருக்கும்போதே சுட்டது! அதைக் கடைக்குக் கொண்டு போவதா, கிணற்றில் போடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஐந்தாவது வேறு ஜாதி. ஒரு பெட்டித் தோட்டாவையும் தின்றது. மண்ணில் போட்டு எடுத்தேன், சுட்டது. தலைகீழாகப் பிடித்தேன், சுட்டது. இதைச் செய்தவன் அன்றைக்கு வேலையில் மனசு வைத்திருக்கிறான். ஆறாவதும் குறை சொல்லும்படி இல்லை. சுட்ட சத்தம் பாறையில் முட்டித் திரும்பி வந்து அடங்குகிற வரை காத்திருந்தேன். மேற்கே வெள்ளியங்கிரி மலை நீலமாக, பாதி கரைந்து நின்றது. சந்தோஷமாக இருந்தது. வெகு நாளைக்கப்புறம்.

4 நவம்பர், திங்கள்

மாப்பிள்ளையிடம் ஐந்தாவதைக் கொடுத்தேன். "கண்ண மூடிட்டு நம்பலாமுங்க. வாராவாரம் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் போட்டு வெச்சுக்குங்க" என்றேன். ராசாத்தாள் அதை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். கோயில் பிரசாதமா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

18 டிசம்பர், புதன்

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் கடைத் தெரு பனியில் மிதக்கிறது, மாட்டுவண்டிகள் சக்கரம் இல்லாமல் போகின்றன.

அன்னூர் மிராசுதார் கந்தப்ப கவுண்டர் தன் பிஸ்டலைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அதே பெட்டிச் சரக்கு, ஆறாவது. நான் பார்த்து நல்லது என்று சொன்னதுதான். உள்ளே தோட்டாவைக் குத்துகிற ஊசி முறிந்திருக்கிறது. பச்சை இரும்பு, பதமே ஏற்றவில்லை.

அப்படியானால் ஐந்தாவதின் ஊசி? சுட்டுப் பார்த்தேனே தவிர ஊசியின் பதத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. பாறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன், மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை கூலி நாள். கடவுளே.

20 டிசம்பர், வெள்ளி

பழைய பெல்ஜியம் ஊசி ஒன்றை அளவுக்குத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். சாயங்கால ரயிலில் பொள்ளாச்சி. அங்கிருந்து வண்டி பிடித்தால் விடிவதற்குள் ஆனைமலை. மாப்பிள்ளை மலையேறும் முன் மாட்டிவிடலாம். முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

21 டிசம்பர், சனி

எழுத்து கோணுகிறது, கோணட்டும்.

வண்டிக்காரன் தோப்பு முனையில் இறக்கிவிட்டுப் போனான். அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. மலை இல்லை, வீடு இல்லை, தென்னைகளுக்கு அடிமரம் மட்டும் இருக்கிறது, தலை இல்லை. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்தேன். தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். அந்த அமைதியைக் கலைக்க மனசு வராமல் கூப்பிடவில்லை.

வாசலில் ஏதோ அசைந்தது.

'டக்.'

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஊசி விழுந்திருக்கிறது, மருந்து பற்றவில்லை. முதலில் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஐயோ, நான் நல்லது என்று கொடுத்த சாமான் இப்படிக் கைவிட்டுவிட்டதே என்று! அதற்கப்புறம்தான் துப்பாக்கி யாரைப் பார்த்து நீண்டிருக்கிறது என்பது உறைத்தது. கம்பளியைத் தலையிலிருந்து இழுத்துவிட்டேன்.

"ஆரது... மச்சானா? அய்யோ, சுட்டுப்போட்டனே! மச்சானச் சுட்டுப்போட்டனே!"

"இல்லீங்க மாப்ள. வெடிக்கலீங்க."

"சுட்டுப்போட்டனே..."

"வெடிக்கலீங்க மாப்ள, நான் உசுரோடதான் இருக்கறேன், பாருங்க." இதை எத்தனை தடவை சொன்னேனோ. ராசாத்தாள் விளக்கோடு ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என் தலை, முகம், மார்பு எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்றைக்குப் பேய் நான்.

விடிந்ததும் பிஸ்டலைப் பிரித்தேன். ஊசிக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பதம். என் பெல்ஜியம் ஊசியைவிடப் பதம். ஆனால் ஊசி ஓடுகிற துளை முழுக்க வெள்ளையாக, நெய் மாதிரி உறைந்து கிடந்தது. தோட்டாவின் அடியில் மெல்லிய தழும்பு. தொட்டிருக்கிறது, குத்தவில்லை.

"இதென்ன அம்மணி?"

"எண்ணெய்தானுங்ணா. நீங்கதான போடச் சொன்னீங்க? சனிக்கெழம இவுருக்குத் தலைக்குத் தேய்க்கறப்ப அதுக்கும் கொஞ்சம் ஊத்தியுடுவேன். நம்ம தோப்புத் தேங்காயெண்ணெய், கலப்படமில்லாதது."

மெஷின் எண்ணெய் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் என்றேன். ஆனைமலையில் எண்ணெய் என்றால் அது தேங்காயிலிருந்துதான் வரும். மார்கழி விடியலில் கல்லாகிவிடும். சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவன் அழுதுவிட்டேன். அவளும்.

22 டிசம்பர், ஞாயிறு

நேற்று விட்டதை எழுதிவிடுகிறேன். துடைத்துக் காயவைத்தேன். வெயில் ஏறியதும் தோப்புக் கரையில் ஒரு தோட்டா போட்டுப் பார்த்தேன். குருவிகளெல்லாம் பறந்தன. தங்கமான துப்பாக்கி. நேற்று விடியலில் இதே போல இருந்திருந்தால் இந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

மாப்பிள்ளையிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எடுத்துட்டுப் போயிருங்க மச்சான். இது கையில இல்லாதப்போ திருடனுக்கு மட்டுந்தான் பயந்தேன். இனி என் கைக்கும் பயப்படோணும்."

"அப்ப வழிக்கு?" என்றாள் ராசாத்தாள். பையை அவர் தோளில் மாட்டிக்கொண்டார், நானும் கூடவே கிளம்பினேன். கொண்டைமுடக்கில் ஆட்கள் தெரிந்ததும் மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அங்கே எஸ்டேட் ஆட்கள் சிலர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு நேரமாகிவிட்டதே என்று பார்க்க வந்தார்களாம். "எங்க கூலிதானுங்களே சாமி, நாங்க வந்தா ஆகாதுங்களா?" என்றாள் பாவாத்தாள் என்கிற கிழவி. இத்தனை நாள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நாங்களும்தான்.

14 ஜனவரி 1936, செவ்வாய்

பொங்கல். மாப்பிள்ளையும் தங்கையும் வந்தார்கள். இப்போது பாவாத்தாளும் அவள் ஜனங்களும் அடிவாரத்துக்கே இறங்கி வந்து பையோடு கூட்டிப்போகிறார்களாம். மாப்பிள்ளை சாப்பிட்டதும் குறட்டை விட்டுத் தூங்கினார். ராசாத்தாள் விசிறிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

4 பிப்ரவரி, செவ்வாய்

அவிநாசிப் பக்கத்திலிருந்து மருதாசலக் கவுண்டர் என்று ஒருவர். மாப்பிள்ளை திருப்பிக் கொடுத்த ஐந்தாவது பிஸ்டல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பலாமுங்களா?"

"நம்பலாமுங்க. நல்ல துப்பாக்கி, நானே சோதிச்சதுங்க" என்றேன். பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்கு விடியக்காலம் சொல்லாம கொள்ளாம வாரது ஆராருங்க?" என்று கேட்டேன்.

இவனுக்கு என்ன கோளாறு என்பது போலப் பார்த்தார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். "பால் கறக்கறவ வருவா... தண்ணி பாய்ச்சப் பக்கத்துக் காட்டுக்காரரு வருவாரு... மகளக் கட்டிக்குடுத்த ஊரு கிட்டத்துலதான். சண்டை வந்தா, பாவம், புள்ளையத் தூக்கிட்டு இருட்டுலயே நடந்து வந்துருவா..."

பிஸ்டலை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தார். அதன் வாய் என் பக்கம் திரும்பியிருக்கிறதே என்று பார்த்து, அதையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.