இரண்டு வண்டியில் வர வேண்டியவர்கள்

அண்ணா,

குதிகால் வெடிப்புக்கு என்று மஞ்சக்குப்பம் மருந்துக் கடையில் இன்று காலை கிளிசரின் கேட்டேன். கடைக்காரர் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்கு ஒரு வாடையும் கிடையாது. ஆனால் உங்கள் சீரியல் செட்டில், அழ வேண்டியவர்கள் கண்ணில் தடவ அது வரிசையாக அடுக்கிக் கிடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். வெடிப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. சிதம்பரத்தில் நான்கு வீதியிலும் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. 'மக்களின் கண்ணீரைத் துடைத்த தயாரிப்பாளர்' என்று ஒன்றில் போட்டிருந்தார்கள். சீ! துடைத்தவராம்! நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பார்த்தவர்கள், பாவம், அண்ணன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆரம்பத்தில் நீங்கள் இப்படி இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கீழவீதியில் ஒற்றை அறை ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு, பெண்கள் பக்கம் ஒத்தாசைக்கு என்று என்னையும் அழைத்துப் போனீர்கள். பெண்ணை அனுப்பும் நேரத்தில் அவளுடைய வாப்பா தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நீங்கள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். "அது அவுங்க வீட்டு அழுக. நமக்கு எதுக்கு?" என்றீர்கள். இவர் என் அண்ணன் என்று எனக்கு அன்றைக்கு அத்தனை பெருமை.

பிறகு சென்னை போனீர்கள். சீரியல்மேல் சீரியல். ஆசைப்பட்டு எடுத்த ஒரே சினிமா நம் கடலூர்த் தியேட்டரிலேயே ஒரு வாரம் தாங்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் ஊரான் வீட்டுச் சண்டையை மேடையேற்றும் நிகழ்ச்சிக்கு வந்தீர்கள். "கண்ணுல தண்ணி வந்தா, பாக்குறவன் வெரலு ரிமோட்டுக்குப் போவாது" என்று அண்ணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு முறை வைத்திருந்தீர்கள். சண்டைக்காரர்கள் இரண்டு தரப்பும் இரண்டு வண்டியில் வர வேண்டும். தனித்தனி வாசல், தனித்தனி அறை. மேடையில் விளக்குப் போட்ட பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். சூடு ஆறிவிடக் கூடாதாம்.

ஒரு நாள் ஒரு அப்பா–மகள் சண்டை. ஆள் ஏற்றிவர உங்கள் மேனேஜர் டீசலை மிச்சம் பிடிக்கப் பார்த்தார். குறிஞ்சிப்பாடியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு, அதே வண்டியில் கடலூரில் மகளையும் ஏற்றிவிட்டார். கண் பரிசோதனைக்குச் சென்னை வர வேண்டியிருந்ததால் நானும் அதில் இருந்தேன். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட பெண் அவள், முழுகாமல் இருந்தாள். அவள் ஏறியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுச்சேரி தாண்டும்வரை திருப்பிய முகம் திரும்பவில்லை. அப்புறம் அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனவர், ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"இந்தா, மோந்துக்க."

அவள் வாங்கவில்லை. "எம்மேல கோவம் இல்லியாப்பா?"

"கோவந்தான். அதுக்குன்னு? மொதல்ல மோந்துக்க."

அவ்வளவுதான் அண்ணா, சமாதானம். அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவள் அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள்.

ஸ்டுடியோ வாசலில் இறங்கியதும் உங்களிடம்தான் ஓடி வந்தேன். "அண்ணா, ரெண்டு பேரும் சேந்துட்டாங்க!" நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது? உங்கள் முகம் சுண்டிப்போயிற்று. "யார்ரா இதுங்கள ஒரே வண்டியில ஏத்துனது?" என்று மேனேஜர்மேல் பாய்ந்தீர்கள். என்னைப் பார்த்து, "ஒனக்கு ஒண்ணும் புரியாது, போய் டீ குடி" என்றீர்கள்.

அவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தீர்கள். கதவோரம் நின்று நானே என் காதால் கேட்டேன். அவரிடம், "வயித்துப் புள்ளயக் கலைக்க நீங்க ஆள் வெச்சீங்கன்னு ஒங்க பொண்ணு சொல்லுதே?" அவளிடம், "வண்டியில ஒங்கப்பா பேசுனதெல்லாம் நடிப்பும்மா. ஒம் புருஷன உள்ள தள்ளத்தான் வந்திருக்காரு." சொல்லிவிட்டு வெளியே வந்து கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டீர்கள், விருந்து சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நீங்கள் அணைந்த வீட்டுக்கே கொள்ளி வைத்தீர்கள்.

மேடையில் அவர் அவளை ஓங்கி அடித்தார். நான் செத்தாலும் என் முகத்தைப் பார்க்க வராதே என்று கத்தினார். முடிந்ததும் வெளியே ஓடி இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். "நீங்க அவரு தங்கச்சிதானே" என்று இரண்டு பேருமே திரும்பிக்கொண்டார்கள். ஊர் திரும்புவதற்கு மட்டும் மறக்காமல் இரண்டு வண்டி ஏற்பாடு செய்திருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் உங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

சிதம்பரத்து வீட்டில் உங்கள் கருமாதி அன்று, அஞ்சலி என்று உங்கள் சேனல் எதைப் போட்டது தெரியுமா? அந்த எபிசோடைத்தான். அண்ணி முதற்கொண்டு கூடமே உட்கார்ந்து பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. தூ என்று எழுந்து வாசலுக்கு வந்தேன். அங்கே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இப்போது சிதம்பரத்தில்தான் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாளாம்.

"போஸ்டர் பாத்தேன் மேடம். அவரே போயிட்டாரே, இனிமே அத போட மாட்டாங்கதானே?"

உள்ளே டிவியில் அவளுடைய அப்பா கத்திக்கொண்டிருந்தார். அவள் காதிலும் அது விழுந்தது.

"அப்பா போன வருஷம் தவறிட்டாரு. அன்னிக்கு அப்பிடிச் சொன்னாரேன்னு நான் மொகம் பாக்கப் போவல. இப்ப கண்ண மூடினா அந்த அடிக்கிற மொகந்தான் வருது. வேற எதுவுமே வர மாட்டேங்குது."

சத்தம் கேட்காத இடமாகத் தெருமுனைக்கு அவளை அழைத்துப் போனேன். அன்று வண்டியில் அவள் தூங்கிய பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் தலை கண்ணாடியில் முட்டாமல் இருக்க, அவர் தன் கையை நடுவில் கொடுத்துக்கொண்டே வந்தார். செங்கல்பட்டு வரைக்கும் எடுக்கவில்லை. கை மரத்துப்போகும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, "முழிச்சிக்கும், சும்மா இருங்கம்மா" என்று என்னை அதட்டினார்.

"எந்தக் கைங்க?" என்று கேட்டாள்.

"இடது கை."

"அடிச்சது வலது கை" என்றாள். பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் எப்போது வந்து கேட்டாலும் சொல்வேன். உங்களைப் பற்றி யாரிடமும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அண்ணா. உங்கள் கேமரா பார்க்காத அந்தக் கை ஒன்றுதான் இருக்கிறது.