நான் வாசிக்காமல் விட்ட நான்கு வரிகள்

என் சங்கரண்ணனுக்கு,

போன மாதம் அப்பா உனக்குத் தர்ப்பையில் உருவம் செய்து சிற்றாற்றங்கரையில் எரித்தார். நீ இறந்துவிட்டதாகத் தந்தி வந்து ஏழு மாதத்துக்குப் பிறகு. ஏன் இத்தனை தாமதம் என்று மேலகரத்தில் கேட்காத வாய் இல்லை. அதனால் எல்லார் காதிலும் விழும்படி உன்னிடமே சொல்லிவிடுகிறேன். காரணம் நான்தான்.

கடற்படையில் சேர்ந்தபின் பம்பாயிலிருந்து நீ அனுப்பிய உறையில், அப்பா சம்மதிப்பதாக இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதம் இருந்தது. அதன் மடிப்புக்குள் எனக்கென்று தனியாக ஒரு துண்டுச் சீட்டு. “தண்ணிக்குள்ள போற கப்பல்னு சொன்னா அப்பா ஒத்துக்கிட மாட்டாவ. மேல் உத்தியோகம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பு. நீ கெட்டிக்காரில்லா.” வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்தி. நீ கெட்டிக்காரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உனக்கா தெரியாது?

அப்பா இலஞ்சி வயலில் கதிரடித்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, காகிதத்தை நெல் தூற்றும் சொளகின் முதுகில் வைத்து எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். “எதுக்குட்டி இது?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் சொன்னதை நம்பினார். “நல்லா இருக்கட்டும்” என்றார்.

தந்தி வந்து இரண்டு வாரம் கழித்து உன் அதிகாரியின் கடிதம் வந்தது. ஊரே கூடி நிற்க, நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ நல்லவன், யாருக்கும் முதல் ஆளாக உதவுகிறவன் என்று தொடக்கம். அந்நிய தேசத்துக் கடலில் உன்னை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்று முடிவு. நடுவில் நான்கு வரிகள் இருந்தன. அவற்றை நான் வாசிக்கவில்லை.

நீர்மூழ்கிக் கப்பலில் பயிற்சியின்போது பேட்டரி அறையில் தீப்பிடித்தது. கப்பல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. மற்றவர்கள் பிழைக்க அந்த அறையின் கதவை வெளியிலிருந்து அடைக்க வேண்டியிருந்தது. உள்ளே உன்னையும் சேர்த்து நான்கு பேர் இருந்தார்கள், உடல்கள் கரைக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லை. இவ்வளவுதான் அண்ணே. இதைச் சொன்னால், அப்படிப்பட்ட கப்பலில் ஏற யார் சம்மதித்தது என்று அப்பா கேட்பார். அந்தப் பயத்தில் விழுங்கிவிட்டேன்.

உன்னோடு இருந்த மற்ற மூன்று பேரின் வீட்டில் அந்தக் கடிதத்தை யார் வாசித்திருப்பார்கள்? முழுதாக வாசித்திருப்பார்களா?

நடுவில் ஓட்டை விழுந்த கடிதத்தை அப்பா நம்பவில்லை. “கடல்ல எப்படிட்டி அடக்கம் பண்ணுவான்? மண்ணுக்கு எங்க போவான்? பிள்ளையத் தொலைச்சுட்டுக் கத எழுதுதான்” என்றார். நீ கப்பலின் மேல்தட்டிலிருந்து தவறி விழுந்துவிட்டாய், நீந்தி எங்கோ கரையேறியிருக்கிறாய் என்று அவரே முடிவுகட்டிவிட்டார். சிற்றாற்றில் வெள்ளம் போகும்போது குறுக்கே நீந்தியவன் அல்லவா நீ. துக்கம் கேட்க வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். அம்மா வாயைத் திறந்ததும், “உசுரோட இருக்கவனுக்கு ஒப்பாரி வைக்காத” என்று அதட்டினார். அம்மா ஏழு மாதம் அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் போன்ற பாவி உண்டா?

அப்பா தூத்துக்குடிக்குப் போய், கரையோர ஊர்களில் எல்லாம் உன் போட்டோவைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கால் வீங்கித் திரும்பி வந்தார். நீ போனது வேறு தேசத்துக் கடல் என்றால், “கடல் எல்லாம் ஒண்ணுதானட்டி, எங்கயாவது கொண்டாந்து ஒதுக்கும்லா” என்பார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய சமயம், இந்தத் தடவை கன்னியாகுமரி என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். காலில் புண் ஆறவில்லை. தென்காசி பஸ் நிலையம் வரை கூடவே போனேன். பஸ் வந்து நின்றபோதுதான் எனக்கு வாய் வந்தது.

“போவாதியப்பா” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுச் சீட்டு, கையெழுத்து, நான்கு வரிகள், எதையும் விடவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

“அதுல சன்னல் உண்டாட்டி?” என்று கேட்டார்.

“கிடையாதுப்பா.”

“கதவ யாரு சாத்துனா?”

“அண்ணன்கூட வேல பாத்தவங்கதான். மத்தவங்க பிழைக்கணும்லா.”

“அப்பம் நீச்சல் தெரிஞ்சு என்னத்துக்கு?” என்றார். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பார்த்து, “அழுதுக்கோ” என்றார். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லிப் பட்டது போதும். ஆசைப்பட்ட வேலைக்குப் போனாய், போ. என்னை எதற்கு அதில் சேர்த்தாய்? பயம் அப்பாவைப் பற்றித்தானா, உனக்குள்ளும் கொஞ்சம் இருந்ததா?

போன வாரம் உன் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அப்பா அதை வாங்கி, பிரிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தென்காசிக்குப் போனார். நூல் கடை பாயின் மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, “அவன் சாமான் பெட்டி ரயில்ல வருதாம்” என்று அம்மாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நியாயம்தானே?

அந்தப் பெட்டியில் என் கடிதங்களும் இருக்கும். கையெழுத்து வாங்கி அனுப்பிய அன்று உனக்கு எழுதியதும் இருக்கும். “அப்பாவ ஏமாத்துதது இம்புட்டு லேசுனு தெரியாம இருந்துட்டேன் அண்ணே” என்று அதில் எழுதியிருக்கிறேன். பெட்டி வந்ததும் அதை ஒளிக்க மாட்டேன். அப்பா முன்னால் உட்கார்ந்து, அந்த வரியையும் சேர்த்து, என் வாயாலேயே வாசிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னை அனுப்பி வைத்த தங்கை,
கோமதி