இலைமேல் விரித்த கை

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று எங்கள் தெருவில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் எதிர்வீட்டு சரோஜா உட்கார்ந்திருந்தாள். ஏலக்காயும் நெய்யில் வறுத்த முந்திரியும் மணக்கப் பாயச வாளி வந்தது. பரிமாறுகிறவர் கரண்டியைச் சாய்த்தார். சரோஜா இலைமேல் கையை விரித்து, "வேணாம்ப்பா" என்றாள். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, இங்க வா. இன்னொரு தடவ கேளு" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பி வந்து கேட்டார். அவள் வேணாம் என்றாள். "இன்னும் ஒருவாட்டி கேளு" என்றேன்.

"என்னத்தே, என்னையக் கொல்லப் பாக்குறீகளா? சுகரு ஏறிப்போயி நேத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள் சரோஜா. எதிர் வரிசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஒட்டியிருந்தனவா, விலகியிருந்தனவா என்று. இது உங்களால் வந்த பழக்கம். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை.

அந்தக் கையை நான் முதலில் பார்த்தது, என் மகளைப் பெண் கேட்டு நீங்கள் பழனிப் பக்கத்துக் கீரனூரிலிருந்து தாடிக்கொம்புக்கு வந்த அன்றைக்கு. வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று மோர் கொடுத்தேன். "பேச்சு முடியட்டுமுங்க. கை நனைக்கறது அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று சொம்பைத் தொடாமல் நகர்த்தி வைத்தீர்கள். பேச்சு முடிந்து தட்டு மாற்றிய பிறகுதான் இலை போட்டேன். முதல் சோற்றுக்குப் பிறகு மறுசோறு கொண்டுவந்தேன். இலை முழுக்க உள்ளங்கையை விரித்து, "போதுமுங்க சம்பந்தி" என்றீர்கள். செத்த நேரம் கழித்து மறுபடி வந்தேன். கை அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் விரல்கள் கொஞ்சம் பிரிந்திருந்தன. "வேண்டாமுங்க" என்றீர்கள். மூன்றாவது தடவை நான் கரண்டியோடு நின்றபோது வாய் வேண்டாம் என்றது, கை தானாக விலகிக்கொண்டது. வைத்த சோறு அத்தனையும் தின்றீர்கள். பருக்கை மிஞ்சவில்லை.

கை கழுவும்போது உங்களைக் கேலி பண்ணினேன். "பசிய வச்சுக்கிட்டா இம்புட்டு நேரம் வேணாம்னீக?" என்றேன். நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள். "ஒருக்கா கேட்டா அது விசாரிப்புங்க. மூணு தரம் கேட்டாத்தானுங்க விருந்து."

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் என் வீட்டுப் பந்தியிலிருந்து அரை வயிற்றோடு எழுந்தவர் கிடையாது. அந்த வீம்பு எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு, எனக்குச் சரியான ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் நமக்குள் இதுதான் நடந்தது. நீங்கள் மறுப்பீர்கள், நான் விடமாட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் நான் மறுப்பேன், நீங்கள் விடமாட்டீர்கள். நம் பேத்தி இதைப் பார்த்து, "ரெண்டு பாட்டியும் சோத்துச் சண்டை போடுறாங்க" என்பாள். பாங்கில் ஆபீசராகிவிட்ட பிறகும் அவளுக்கு உங்கள் கைதான். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை மூடிக்கொண்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

பிறகு, திண்டுக்கல்லில் மகன் வீட்டோடு வந்து இருந்த காலத்தில் உங்களுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் மாப்பிள்ளையின் பெயர். பால் வாங்கப் போன உங்களைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூட்டிவந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். உங்களை ஊருக்கு வெளியே, மறதிக்காரர்களை வைத்துப் பார்க்கிற அந்த இல்லத்தில் சேர்த்தார்கள். நான் என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஒரு தடவையில்லை, கேட்கவேண்டிய அளவு கேட்டேன். "உங்க வீட்ல கெணறு தெறந்து கெடக்கு அத்தை. நீங்களும் தனியா இருக்கீங்க. எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன். தரை துடைத்துப் பளிச்சென்று இருக்கும். வேளைக்கு மாத்திரை, குளித்து உடுத்திய சேலை, தலையில் எண்ணெய். சாயங்காலம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நேரம் வைத்திருந்தார்கள். நான் டவுன் பஸ் பிடித்து அந்த நேரத்துக்கு வருவேன். நான் யார் என்று உங்களுக்குச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. தெரியாத நாளிலும், "வாங்க, உக்காருங்க" என்று கட்டிலில் இடம் ஒதுக்குவீர்கள். பிறகு என் காதுக்கருகில் வந்து கேட்பீர்கள். "ஏனுங்க, இந்த வீட்டுக்காரவிய ரொம்ப நல்லவிய. ஆனா வந்து நாளாச்சுங்க. அடுத்தவிய வீட்டுல எத்தன நாளுங்க இருக்கறது? எப்பப் பொறப்படறதுங்க?"

நாளைக்குப் போகலாம் என்பேன். அந்தப் பேச்சிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் உங்கள் ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கன்னம் உள்ளே போய்விட்டது. பட்டினி போடுகிறார்களோ? யாராவது உங்கள் சோற்றைத் தின்கிறார்களோ? மகளிடம் சொன்னேன். "அம்மா, நீ வாயத் தெறக்காத. அவரு அம்மாவ அவரு சரியாப் பாக்கலைன்னு சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள். பெண்ணைக் கொடுத்தவள் அந்த வீட்டு விஷயத்தில் எங்கே வாய் திறப்பது? இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மூன்றாம் நாள் பெருமாள் கோயில் புளியோதரை கொஞ்சம் வாங்கி, பிரசாதம் கொடுக்க வந்தேன் என்று சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இல்லத்து கேட்டில் போய் நின்றேன்.

அங்கே பொறுப்பில் இருந்த நர்சம்மா, "இது பாக்குற நேரமில்லையேம்மா" என்றார். "எங்க சம்பந்தி தேஞ்சு போறாக. நீங்க என்ன போடுறீகன்னு நான் பாக்கணும்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பாருங்க. நாங்க போடத்தான் செய்யிறோம். அவங்கதான் வேணாங்கிறாங்க. வேணாங்கிறவங்களை வற்புறுத்தக் கூடாது, திணிச்சாப் புரையேறும். டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்கோம்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

ஓரமாக நின்றேன். நீளமான மேசை. எல்லோர் முன்னாலும் தட்டு. ஆயா பாண்டியம்மா சோற்றுப் பாத்திரத்தோடு வரிசையாக வந்தாள். அந்தக் கூடத்துக்கே அவள் ஒருத்திதான். உங்களிடம் வந்து, "சோறு வைக்கட்டா தாயி?" என்றாள், பிரியமாகத்தான்.

நீங்கள் தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து, "வேண்டாமுங்க" என்றீர்கள்.

அவள் சரியென்று அடுத்த தட்டுக்குப் போனாள். நீங்கள் கையை எடுக்காமல் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விரல்கள் மெல்லப் பிரிந்தன. அவள் திரும்பி வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பிசைந்து சாப்பிட்டார்கள். கடைசியில் வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கிளம்புகிற விருந்தாளி மாதிரி, "நிறைஞ்சிருச்சுங்க" என்றீர்கள்.

பேர் மறந்திருந்தது. ஊர் மறந்திருந்தது. பெற்ற பிள்ளையே மறந்திருந்தான். அடுத்த வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

"நான் ஒருவாட்டி போட்டுப் பாக்கட்டா?" என்று நர்சம்மாவிடம் கேட்டேன். தலையாட்டினார். கரண்டியை வாங்கிக்கொண்டு உங்கள் முன்னால் நின்றேன். "சம்பந்தி, கொஞ்சம் சோறு?" முழுக் கை. கொஞ்சம் நின்று, "ஒரு கரண்டிதான் சம்பந்தி" என்றேன். விரல் விலகியது. "என் கைக்காக" என்றேன். "நீங்க விடமாட்டீங்களே" என்று கையை இழுத்துக்கொண்டீர்கள். குழம்பும் அப்படித்தான், தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனமும் அப்படித்தான். நீங்கள் கவளம் உருட்டுவதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாண்டியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஆத்தீ, இதுதானா சங்கதி? எங்க வீட்ல ஒருக்க வேணாம்னா சட்டியக் கவுத்திருவோம்."

நர்சம்மா சிரித்தாலும் யோசனையோடு சொன்னார். "இவங்களுக்குச் சரி. பக்கத்துல இருக்காரே தாத்தா, அவருகிட்ட ரெண்டாவது வாட்டி கேட்டாத் தட்டு பறக்கும். யாரு வேணாம் நெசம், யாரு வேணாம் மரியாதைன்னு எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?"

கையைப் பாருங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னைக் குடைகிறது.

அதன்பிறகு பாண்டியம்மா கேட்டாள். ரவிக்கை கொஞ்சம் இறுகியது. ஆனால் அவளுக்கு லீவு வரும். மாற்றாள் வந்தால் தட்டு வெறுமையாகத் திரும்பும். அத்தனை பேருக்கு ஒருத்தி என்றால் அவள்தான் எத்தனை முறை நடப்பாள்? ஆள் கூட்டுங்கள் என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன், கேட்டார். பார்க்கிறோம் என்றார்கள். மதியம் ஆனால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தட்டில் கை வைப்பேன், இந்நேரம் கேட்டிருப்பார்களா என்று தோன்றும். போனை எடுத்துவிடுவேன்.

"பாண்டியம்மா, மூணுவாட்டி கேட்டியா?"

"கேட்டேன் தாயி, நாலாவதும் கேட்டேன். இம்புட்டு உபசாரம் எம் புருசனுக்குப் பண்ணியிருந்தா அந்தாளு குடிக்காமயாச்சும் இருந்திருப்பான்."

சிரிப்பேன். பத்து வாய் சாப்பிடுவேன். மறுநாள் மதியம் அதே தவிப்பு.

கடைசி மாதத்தில் நர்சம்மா நேரம் பார்க்காமல் என்னை உள்ளே விட்டார். அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவள். குழையக் குழைய ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தேன். தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். "சம்பந்தி, கொஞ்சம்" என்றேன். கிண்ணத்தின் மேல் கை வந்தது. காத்திருந்து மறுபடி கேட்டேன். விரல்கள் ஒட்டியே இருந்தன. மூன்றாவது தடவை என் கைக்காக என்றேன், பேத்திக்காக என்றேன். கை அசையவில்லை. நீங்கள் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"விடுங்க தாயி" என்றாள் பாண்டியம்மா பின்னாலிருந்து. "இது ஒடம்பு சொல்றதும்மா" என்றார் நர்சம்மா. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். உதட்டை மட்டும் தண்ணீரில் நனைத்துவிட்டேன். அவர்கள் சொன்னது சரிதான் என்று பகலில் நினைக்கிறேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது, நாலாவது தடவை கேட்டிருக்கலாமோ என்று வருகிறது. நீங்கள் சொன்ன கணக்கில் நாலாவதே கிடையாது. மூன்று தடவைக்கும் கை விலகாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லித் தரவும் இல்லை.

கீரனூர் வீட்டு வாசலில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். உங்கள் இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து, கட்டைவிரல்களைத் துணியால் கட்டியிருந்தார்கள். மறைக்கக் கை இல்லை. மூன்று தடவை போடச் சொன்னார்கள், போட்டேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்கு நான் பரிமாறியது அந்த ஒரு தரம்தான்.

அதனால்தான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சரோஜா திட்டினாலும் கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன்.

இன்று காலையில் பாண்டியம்மா போன் செய்தாள். நீங்கள் படுத்திருந்த கட்டிலுக்கு ஆயக்குடியிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறாராம். கொய்யாத் தோப்புக்காரர்களாம். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாராம். "எனக்கு நாளைக்கு லீவு தாயி. மூணு தடவ கேட்டும் பாத்தேன், எனக்குப் பிடிபடல" என்றாள். நான் வரலாமா என்று நர்சம்மாவிடம் கேட்டு வை என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே பஸ் ஏறுகிறேன். அந்த அம்மாவின் விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.