சேர்ந்திருந்த கால்கள்

என்னங்க,

மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? காரைக்குடியில் இன்னும் மழை இல்லை.

இன்று மானகிரி யோகா வகுப்பை நான் நடத்தினேன். முதுகுவலிக்காக நீங்கள்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டீர்கள். வலி போய், சொல்லிக்கொடுக்கும் பயிற்சியும் முடித்துவிட்டேன். ஆனால் இந்த இரண்டு வருடமாக, வகுப்பின் முடிவில் மல்லாந்து படுக்கச் சொன்னால் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அதற்குச் சவாசனம் என்று பெயர். ஏன் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்று ஹேமாவதி டீச்சர் வாசலில் நின்றுகொண்டு, "பாதியில எந்திரிச்சுப் போவீகள்ல, இன்னைக்குப் போக முடியாது. நீங்கதான் டீச்சர்" என்றார்.

எல்லாரையும் படுத்துக் கண்ணை மூடச் சொன்னேன். கால்களை அகட்டி வைக்க வேண்டும். ஒரு கல்லூரிப் பெண் மட்டும் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தாள். கட்டைவிரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

நம் பாப்பாவைக் கூடத்தில் கிடத்தி, கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்களே, அப்போது நீங்கள் சுவரைப் பார்த்து நின்றீர்கள். "எந்திரி, எந்திரி" என்று நான் அவளை எழுப்பிக்கொண்டே இருந்தேனாம். காரியம் முடிந்ததும் மஸ்கட் போனீர்கள். இன்னும் வரவில்லை.

அந்தப் பெண்ணின் பாதங்களைப் பிடித்து விலக்கி வைத்தேன். சூடாக இருந்தன.

"தப்பாப் படுத்துட்டேனாக்கா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இல்ல தாயி, அப்படியே படு."

நேரமானதும், "எந்திரிங்க" என்றேன்.

எல்லாரும் எழுந்தார்கள்.

பாப்பாவின் அம்மா