கோதுமைப்புல் சாறும் கல்யாணப் படமும்

மார்ச் 2

என் கன்னம் முழுக்கத் தடிப்பு. அடுத்த மாதம் கல்யாணப் படம் எடுக்க வேண்டும். கல்யாணத்தன்று விருந்து மண்டப வாசலில் அது ஆளுயரத்துக்கு நிற்கும்.

அம்மா பால்கனித் தட்டிலிருந்து கோதுமைப்புல்லைக் கத்தரித்து, அரைத்துப் பிழிந்து நீட்டினாள். சக்கையை என் முகத்தில் அப்பினாள். "ரத்தம் ஊறும், முடி கொட்டாது, தோல் பீங்கான் மாதிரி ஆயிடும். சந்தைல புல்லு விக்கிற சூ அக்காவுக்கு அறுபது வயசுன்னா நம்புவியா, யூ-ஷான்?"

மழையில் நனைந்த மைதானத்தைக் குடித்தது போல் இருந்தது.

மார்ச் 9

தடிப்பு கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஒரே அரிப்பு. அம்மாவுக்கோ மகிழ்ச்சி.

"உள்ள இருக்கற விஷம் வெளிய வருதுடி! சூ அக்கா அப்பவே சொன்னா. இன்னும் ஒரு குவளை குடி."

குணமானால் சாறு வேலை செய்கிறது. மோசமானாலும் வேலை செய்கிறது. எந்தப் பக்கம் போனாலும் தோற்காத வாதத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 10

அம்மா பார்க்காதபோது சாற்றைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டேன். இனி தினமும் இப்படித்தான். சக்கையையும்.

மார்ச் 19

முகம் தெளிந்துவிட்டது. மின்தூக்கியில் பார்ப்பவர்களிடமெல்லாம் என் தாடையைத் திருப்பிக் காட்டுகிறாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்? – இல்லை. பயம்.

மார்ச் 21

காலையில் மேசைமேல் இன்னொரு குவளை. அப்பாவுக்காம். டயாலிசிஸ் செய்துகொள்பவர், வாழைப்பழத்தைக்கூடத் தொடாதவர்.

"பச்சைச்சாறு கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களேம்மா. பொட்டாசியம் ஏறிடும், இதயத்துக்கு ஆபத்துன்னு–"

"நர்ஸ் கெடக்கறா. இவ மூஞ்சியப் பாருங்க! இதவிட ஆதாரம் வேணுமா?"

அப்பா சிரித்தார். "குடிச்சா என்னையும் படம் எடுப்பாங்களா?" பாதிக் குவளை உள்ளே போய்விட்டது.

என் முகம் ஆதாரம். என் பொய் முகம்.

குவளையைப் பிடுங்கினேன். "குடிக்காதீங்கப்பா! பத்தாம் தேதிலேர்ந்து நான் குடிக்கவே இல்ல. எல்லாம் தொட்டிலதான் போச்சு. நிறுத்தினப்புறம்தான் சரியாச்சு."

அம்மா குவளையை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தினமும் குவளையக் கழுவி வேற வச்சியே," என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 22

அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் அப்பாவை ஸ்கூட்டரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சாறு கொடுத்ததை நர்ஸிடம் அவளே சொன்னாளாம். ரத்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை.

"செம திட்டு," என்றார் அப்பா. "உங்கம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினா. எனக்கே பாவமா இருந்துச்சு."

மார்ச் 27

பால்கனியில் புல் வெட்டப்படாமல் நீண்டு சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் மட்டும் யாரோ ஊற்றுகிறார்கள்.

ஏப்ரல் 6

படப்பிடிப்பு. கூப்பிடாமலே அம்மா வந்தாள். ஒப்பனை செய்தவள் பஞ்சால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன தோலு இது! பொண்ணுக்கு என்னக்கா குடுக்கறீங்க?"

கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். மடியிலிருந்த என் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் குடுக்கல," என்றாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, மெல்ல, "ஒண்ணுமே குடுக்கல."