வெள்ளைக்கால் எலியின் மண்டையோடு

நண்பா,

இன்று காலை ஓமானின் சலாலா துறைமுகக் கிடங்கில் எத்தியோப்பியாவிலிருந்து வந்த கண்டெய்னர் ஒன்றைத் திறந்தார்கள். வறுக்காத காபிக்கொட்டை வாசம் முகத்தில் அடித்ததும் மூட்டைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு நீ என்னோடு பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தாய். இதே மாதிரி ஒரு கண்டெய்னரில், மூட்டைகளுக்கு அடியில் ஓர் எலி செத்துக் கிடந்தது. குப்பைப் பையில் போடப் போன என் கையைப் பிடித்தாய்.

"பொறுடா. பாதத்தப் பாரு, வெள்ளை. வாலு உடம்பவிட நீளம். இது எத்தியோப்பியா, எரித்திரியா மலைப்பக்கம் மட்டும் இருக்குற எலிடா."

எலியை உப்பில் போட்டு வைத்துவிட்டு, அந்த வார லீவில் நெட் சென்டரில் உட்கார்ந்து எத்தியோப்பியப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினாய். பதில் வந்தது. நீ படித்த புத்தகத்தில் அந்த எலி இருந்தது வேறொரு பேரினத்தில். மரபணுவைப் பார்த்து இப்போது மாற்றிவிட்டார்களாம். எந்தெந்த மலைகளில் இருக்கிறது என்பதுதான் இன்னும் முழுதாகத் தெரியவில்லை, மண்டையோட்டையும் மூட்டை வந்த ஊரின் பெயரையும் அனுப்புங்கள், களப்பணிக்கு ஆள் தேடுகிறோம் என்றிருந்தார். அதை எனக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினாய்.

"இந்த மருந்து நாத்தத்துலேருந்து தப்பிச்சிருவேன்டா."

மண்டையோட்டைச் சுத்தம் செய்து, ஊர்ப்பெயர் எழுதிய சீட்டோடு ஒரு டப்பாவில் போட்டு ரூமில் வைத்தாய். நீ டூட்டியில் இருந்த ஒரு மதியம், நம் தங்குமிடத்துக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் ரூம்களைச் சோதிக்க வருகிறான் என்றார்கள். செத்த எலியின் எலும்பைப் பார்த்தால் என்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவான் என்று பயந்து, டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவன் நம் ரூமுக்கு வரவே இல்லை.

நீ வந்ததும் சொன்னேன். ஓடிப் போய்ப் பார்த்தபோது வண்டி குப்பையை அள்ளிப் போயிருந்தது. அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாய்.

"நடந்ததை அவருக்கு எழுதேன்டா" என்றேன்.

"எலும்பு இல்லாம என்னத்த எழுதுறது? நான் பாத்தேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவருடைய அடுத்த இரண்டு மடல்களுக்கும் நீ பதில் போடவில்லை. மறு வருடம் மே மாத வெக்கையில், கண்டெய்னருக்குள் மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரி போகும் வழியில், வேனில், என் மடியிலேயே போய்விட்டாய்.

இந்த ஐந்து வருடமும் எத்தியோப்பிய மூட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன். கிடைப்பதெல்லாம் வீட்டெலி. "யல்லா பாய், ஜல்தி" என்று ஃபோர்மேன் விரட்டுகிறான். கிடைத்தால்தான் என்ன? வாங்கிக்கொள்ள நீ வரப்போகிறாயா?

நீ என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். டப்பா போன அன்று சாயங்காலம் மணலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தாய். கை கழுவினாய். இரண்டு தட்டில் சோறு போட்டு, ஒன்றை என் பக்கம் தள்ளினாய்.

"சாப்புடுடா, ஆறிப்போயிரும்."