தொட்டிக்குப் பின்னால் ஒரு பாட்டில்

ஆவணி 6, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. தைக்க வேண்டியது: பிளவுஸ் மூன்று, பாவாடைக்கு நாடா, பாப்பா சீருடைக்குப் பட்டன்.

மதியம் அவர் வண்டியில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை அடி நீளம். மீன் வளர்க்கப்போகிறாராம். மோட்டார் காயில் கட்டுகிற மனுஷனுக்குத் திடீரென்று மீன்மேல் என்ன ஆசை?

குடியை விடுகிறேன் என்று மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அவர் கட்டிக்கொண்ட கயிறு ஒரு வருஷத்துக்கு. வருகிற அமாவாசையோடு கெடு முடிகிறது. மறுபடி கட்டுவாரா? கேட்கப் பயம். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர்ச் சொம்பு கொடுக்கிற சாக்கில் வாயருகே போய் முகர்ந்தேன். தினமும் செய்வதுதான். வா.இ. (வாசனை இல்லை.)

ஆவணி 8, ஞாயிறு

கடைக்கு லீவு. நாள் முழுக்கத் தொட்டி வேலை. அடியில் சலித்த ஏரி வண்டல், அதன்மேல் கழுவிய மணல், நாலு கருங்கல் துண்டு. காயில் கம்பி பிடிக்கிற இடுக்கியால் ஒவ்வொரு செடியாக ஊன்றினார். கை நடுங்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

பாப்பா கேட்டாள்: "நைனா, மீன் எங்க?"

"ஒரு மாசம் ஆவும். மொதல்ல செடி புடிக்கணும், தண்ணி பழவணும்."

மீன் இல்லாத மீன்தொட்டி. யார் காதில் பூ சுற்றுகிறார்? வா.இ.

ஆவணி 11, புதன்

சர்க்கரை டப்பா பாதி காலி. ரேஷனில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாப்பா தான் தொடவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள்.

துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம். பேக்கரிக்காரர்கள் மாவு உப்பப் போடுகிற ஈஸ்ட். எங்கள் வீட்டில் யார் ரொட்டி சுடுகிறார்கள்?

வல்லத்துக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன்.

"சக்கரையும் ஈஸ்ட்டுமா? ஊறல் போடறான்டி. வூட்லயே காச்சப் பாக்கறான். நீ பாப்பாவ இட்டுகினு இங்க வந்துடு."

அவசரப்படாதே என்றேன். அவளுக்கா எனக்கா தெரியவில்லை.

ஆவணி 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். தொட்டிக்குப் பின்னால், பழைய லுங்கி சுற்றிய பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில். உள்ளே கலங்கல், மேலே நுரை. மூடியில் ஓட்டை போட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று தொட்டிக்குள் போகிறது. தண்ணீரில் குமிழி குமிழியாக வருகிறது.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். அதே புளிப்பு. கல்யாணமானதிலிருந்து எனக்குத் தெரிந்த வாசனை. மூடியை இறுக்கித் திருகினேன்.

பிறகு பாட்டிலில் கலங்கலின் மட்டத்துக்கு நேராகக் கருப்பு நூல் சுற்றிக் கட்டிவைத்தேன். மேலே லுங்கி பழையபடியே.

ஆவணி 14, சனி

தூறல். துணி காயவில்லை. கேட்டேவிட்டேன்.

"அது இன்னா பாட்டில்?"

திடுக்கிட்டார். "செடிக்குடி. அதுலேர்ந்து ஒரு காத்து வரும். அது போனா செடி நல்லா வளரும். வீடியோல பாத்தேன்."

"அப்ப இன்னாத்துக்கு லுங்கி சுத்தி ஒளிச்சி வச்சிகிறீங்க?"

"நீ இப்பிடிக் கேப்பன்னுதான்."

நல்ல பதில்தான். ஆனால் இருமல் மருந்து பாட்டிலில் பிராந்தி வைத்துக்கொண்டு என் கண் முன்னாலேயே மூடி மூடியாகக் குடித்த ஆள். இவரை எப்படி நம்புவது?

நூலைப் பார்த்தேன். மட்டம் இறங்கவில்லை. குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம், அந்த வித்தையும் அவருக்குத் தெரியும். வா.இ. ஆனால் பாக்கு மென்றுகொண்டு வந்தார். ஏன் பாக்கு?

செடிகள் மட்டும் ஜோராக வருகின்றன. இலை நுனியில் எல்லாம் காற்று மணி மணியாக நிற்கிறது. பார்க்க அழகாக இருப்பதுதான் கூடுதல் எரிச்சல்.

ஆவணி 17, செவ்வாய்

பாப்பா சீருடை இரண்டு, என் புடவை நாலு, அவள் புத்தகங்கள். பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அமாவாசை தாண்டட்டும். கயிறு கட்டவில்லை என்றால் வல்லம். இந்தத் தடவை திரும்பி வருவதாக இல்லை.

சாப்பாடு போடும்போது கேட்டேன், இந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறோமா என்று.

"பாக்கலாம்."

பாக்கலாமாம்.

ஆவணி 20, வெள்ளி

நாளை அமாவாசை. ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் இன்றைக்கே நிரம்பிப் போகிறது என்று பிளவுஸ் வாங்க வந்தவள் சொன்னாள். காலையிலிருந்து ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை.

இது குடிக்கிற சரக்கா இல்லையா? நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். பாப்பா பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திவிட்டு டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். இந்த வயதுவரை தொட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். அப்புறம் சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு வாய்.

கதவு திறந்தது. கரண்ட் இல்லை என்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார். குனிந்து என் வாயருகே முகர்ந்தார். நான் அசையாமல் நின்றேன். தினமும் இப்படித்தான் அவரும் நிற்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எச்சில் விழுங்கினார். டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல், ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்:

"எப்டி இருக்குது?"

குடித்துப் பார்த்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். ஒரு சொட்டு தொடவில்லை. இத்தனை நாளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து செடி பார்த்திருக்கிறார்.

"கழனித்தண்ணி மாதிரி நாறுது. வாயில வைக்க முடியல" என்றேன்.

பொய். இனிப்பாக இருந்தது.